டிரா இல்லாத ஆட்டம்

அன்று மண் வேலைக்கு இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பெஷாவர் பக்கத்து பாய் ஒருவர். நேபாளத்துக்காரர் ஒருவர். எங்களுக்கு மேலே கேரளத்து சூப்பர்வைசர். அப்புறம் நான், இலங்கை மலையகத்துக்காரன். மொத்தம் நாலு பேர்.

இடம் துபாய். மூன்று வருடம் ஆகிறது. குளிர்காலம், வெள்ளிக்கிழமை. கிரிக்கெட் மைதானத்தில் செம்மண் கொட்டி பேஸ்பாலுக்கு ஆக்கியிருந்தோம். ஆட வந்தவர்கள் ஒரு காலத்தில் அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடிப் பேர் வாங்கியவர்களாம். எல்லாம் ரிட்டையர் ஆனவர்கள். பழைய காலத்து உடுப்பில் ஆடினார்கள். இடையிடையே நாங்கள் ஓடிப்போய் மண்ணை இழுத்துச் சமப்படுத்த வேண்டும்.

டியூட்டிக்கு முன்னால் ஃபோனை சூப்பர்வைசர் பையில் போட்டுவிட வேண்டும். யாரோ முன்பு வீடியோ எடுத்ததால் வந்த ரூல். ஆட்டம் முடிந்தால்தான் பை திறக்கும்.

என் மனைவி குவைத்தில், ஃபஹாஹீலில், ஒரு வீட்டில் வேலை செய்தாள். அவளுக்கும் ஃபோன் கையில் கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் மேடம் கொடுப்பார். எங்கள் நேரத்துக்கு ஐந்திலிருந்து ஆறு.

அவளுக்கு காண்ட்ராக்ட் முடிகிற மாதம். ஊருக்குப் போகிறாளா, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாளா என்று மேடம் கேட்டிருந்தார். அந்த வெள்ளிக்குள் பதில் வேண்டும். ஞாயிறு பேப்பர் கொடுக்கப் போகிறார்கள். முந்தின வாரம் அவள் என்னிடம் கேட்டாள். அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எங்கள் மகள் அக்காவிடம்தான் வளர்ந்தாள்.

அக்கா நேராகச் சொல்லிவிட்டாள். "பிள்ள ராவெல்லாம் அழுவுது தம்பி. அவள வரச் சொல்லு."

அதைத்தான் நான் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. வந்துவிடு.

ஆட்டம் இரண்டு மணிக்கு. ஒன்பது சுற்று, மூன்று மணி நேரம் என்றார் சூப்பர்வைசர். கணக்குச் சரியாக வந்தது. கவலைப்படவில்லை. முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டு வைக்கவும் தோன்றவில்லை.

பந்து எறிகிறவர்களுக்குக் கை இன்னும் போகவில்லை. அடிக்கிறவர்களுக்குக் கண் போயிருந்தது போல. மட்டையைச் சுற்றுவதும் வெளியே போவதுமாக இருந்தார்கள். பாய் பாதி உருது, பாதி என்னிடம் கற்ற தமிழில் பேசுவார். "இதுக்கா சம்பளம்? எங்க ஊர் கசாப்புக் கடைக்காரன கூப்பிடு பாய், நல்லா அடிப்பான்" என்றார். நேபாளத்துக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஐந்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒன்பதாவது சுற்று முடிந்தது. கடைசி ஆள் அவுட். நான் மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"ஏ ஸ்ரீலங்கா, கிதர்? எங்க போற?" என்றார் பாய்.

"முடிஞ்சிருச்சே பாய். ரெண்டு பக்கமும் சைபர். டிராதானே?"

"டிரா மாஃபி, கிடையாது. இதுல யாராவது ஜெயிக்கணும். அதுவரைக்கும் கலாஸ் இல்ல, ஆட்டம் முடியாது."

எனக்குத் தெரிந்தது கிரிக்கெட். அதில் ஓவர் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. இது அப்படி இல்லை.

சூப்பர்வைசரிடம் ஓடினேன். ரெண்டு நிமிஷம் ஃபோன் கொடுங்க, வீட்டு விஷயம் என்றேன்.

"ஞான் எந்து செய்யும்? பை பூட்டி, சாவி ஆபீஸ்ல. ஒரு ரன் வரட்டும் அண்ணா."

ஒரு ரன் வரவில்லை. பத்தாவது சுற்றும் போனது. பதினொன்றும் போனது. மண் இழுத்தேன். ஸ்கோர் போர்டில் சைபர் சைபராக நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் இருந்த கடிகாரத்தில் ஆறு தாண்டியது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது சுற்றில் வயிறு பெருத்த ஒருவர் பந்தைத் தட்டினார். இன்னொருவர் மூச்சு வாங்க ஓடி வந்து தட்டைத் தொட்டார். ஒரு ரன், ஆட்டம் முடிந்தது. மிச்சமிருந்த கொஞ்சம் ஆட்கள் கை தட்டினார்கள்.

பை திறந்ததும் ஃபோனை எடுத்தேன். பல தடவை கூப்பிட்டிருந்தாள். கடைசியில் குரலில் ஒரு மெசேஜ்.

"ஏங்க, எடுங்களேன். மேடம் பக்கத்துலயே நிக்குது... நீங்க எடுக்கல. இருக்கச் சொல்றீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். சரின்னு சொல்லிட்டேன்."

உடனே கூப்பிட்டேன். ஃபோன் அணைத்திருந்தது. அடுத்த வெள்ளி அவள் கூப்பிட்டபோது பேப்பரில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து அவள் ஊருக்குப் போனாள். மகள் அக்கா பின்னால் போய் ஒளிந்துகொண்டாளாம். இன்றைக்கும் அக்காவைத்தான் அம்மா என்கிறாள்.

அந்த ஆட்டத்தை ஆடியவர்களே மறந்திருப்பார்கள். என்னால் முடியவில்லை.

ஒன்றுக்கு சைபர்.