ஹர்ஷினி பண்ணிய சத்தியம்

பிச்சாட்டூரில் ஆதிநாராயணன் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'சத்தியத்து ஆதி' என்று கேளுங்கள், டீக்கடைக்காரர் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார். அந்தப் பெயர் அவனுக்குச் சும்மா வரவில்லை. ஒரு காலத்தில் குடித்துவிட்டு லாரி ஓட்டிய ஆள் அவன். ஓட்டினான் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். லாரி பாட்டுக்கு ஓடும், இவன் உள்ளே உட்கார்ந்திருப்பான். நாகலாபுரம் பக்கம் ஒரு பாலத்துச் சுவரில் கொண்டுபோய் மோதி, வேலையும் போய், மனைவி யமுனா நிறைமாத வயிற்றோடு தாய்வீட்டுக்குக் கிளம்பிய அன்றுதான் அவனுக்குப் புத்தி வந்தது. காணிப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினான். குளத்தில் முங்கி, ஈர வேட்டியோடு வரசித்தி விநாயகர் முன்னால் நின்று, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான்.

அந்தச் சன்னதியில் பொய்ச் சத்தியம் பண்ண அந்தச் சீமையில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. களவு, வரப்புச் சண்டை, குடி எல்லாம் அங்கே போய்த் தீரும். ஆதிக்கும் தீர்ந்தது. பிறகு அவனுக்கு ஸ்ரீசிட்டி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்தது. சத்யவேடு ரோட்டில் ஒயின் ஷாப் வரும்போதெல்லாம் ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்க மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொள்வான். குடியை விட முடியாத மற்ற டிரைவர்களை அவனே காணிப்பாக்கத்துக்குக் கூட்டிப்போனதும் உண்டு. 'மனசு வெச்சா முடியும்பா, சத்தியம் பண்ணிட்டா பண்ணதுதான்' என்பான். சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம் இருக்கும். இருக்கட்டுமே, நின்று காட்டியவன் அல்லவா!

அந்தக் கர்வம்தான் அவன் தலையில் மண்ணை வாரிப் போட்டது.

மகள் ஹர்ஷினி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. டீச்சர் போர்டில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஜன்னலுக்குப் போய்விட்டு, பக்கத்துப் பையனின் ரப்பரைக் கடித்துவிட்டு, தன் பென்சிலைத் தொலைத்துவிட்டு நிற்பாள். 'மீ பாப்ப ஒக்க நிமிஷம் கூர்ச்சோதண்டி' என்று டீச்சர் சலித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது; ஒரு நிமிஷம் உட்காரமாட்டேன் என்கிறாளே என்று. இத்தனை துள்ளலும் ஒரு பக்கம், பயம் மறுபக்கம். பள்ளிக்கூடத்துப் பாத்ரூமுக்குத் தனியாகப் போகமாட்டாள். காலையானால் வயிற்றுவலி. ஆதி வேலைக்குக் கிளம்பும்போது, "நைனா, பஸ் ஓட்டும்போது தூங்கிட மாட்டியே?" என்று கேட்பாள். இல்லை என்று சொன்னபிறகும் விடாமல் கேட்பாள்.

யமுனா ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகம் கோக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவள். அங்கே கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி சொல்லித்தான் திருப்பதியில் குழந்தைகள் மனநல டாக்டர் ஸ்ரீதேவியிடம் போனார்கள். டாக்டர் ஹர்ஷினியை விளையாடவிட்டு, டீச்சர் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்து, இரண்டும் சேர்ந்தே இருக்கிறது என்றார். கவனம் நிற்காத துறுதுறுப்பு, அதை ஏடிஹெச்டி என்பார்கள், அதோடு பதற்றம். "மாத்திரை உதவும். அவசரமில்ல, யோசிச்சிட்டு வாங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

யமுனா அன்றே யோசித்து முடித்துவிட்டாள். ஆதியால் முடியவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு மூளைக்கு மாத்திரையா? ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? சத்தியத்து ஆதியின் மகள் பைத்தியக்கார டாக்டரிடம் போகிறாள் என்பார்களே! கூட வேலை பார்க்கும் சீனு, "எங்க அண்ணே போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டபோது அவனுக்கு முகம் வெந்துபோனது. "பாப்பாவுக்குக் கண்ணு பாக்க இட்டுகினு போனேன்டா. கண்ணு கொஞ்சம் சரியில்ல" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். ஹர்ஷினி அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யமுனாவுக்கு வேலை இருந்தது. "நானும் பாப்பாவும் காணிப்பாக்கம் போய்க் கும்புட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு ஆதி கிளம்பினான். தன் குடியையே நிறுத்திக் காட்டிய சாமி ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைக்க மாட்டாரா என்பது அவன் கணக்கு. குளத்தில் முங்க வைத்தான். ஈரக் கவுனோடு பல் கிட்டிக்க நின்ற குழந்தைக்கு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தான். இனிமே க்ளாஸ்ல எந்திரிக்கமாட்டேன். டீச்சர் சொல்றத கேப்பேன். எதுக்கும் பயப்படமாட்டேன். சத்தியம், சத்தியம், சத்தியம்.

சன்னதியைவிட்டு வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "மறந்துபோயி எந்திரிச்சிட்டா, நைனா?"

"எந்திரிக்கக் கூடாது. பொய்ச் சத்தியம் பண்ணா சாமி கண்ண புடுங்கிக்கும்."

விளையாட்டுப்போலத்தான் சொன்னான். சின்ன வயதில் அவனுக்கு யாரோ சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான். லட்டு வாங்கிக் கொடுத்தான். வழக்கமாகக் கேட்டதையே பத்து முறை கேட்கும் பெண் அன்றைக்குச் சித்தூர் வரும்வரை வாயே திறக்கவில்லை. பார்த்தாயா, சாமி வேலையை ஆரம்பித்துவிட்டார் என்று அந்த மடையன் சந்தோஷப்பட்டான்.

திங்கட்கிழமை உட்கார்ந்தாள். டீச்சரே ஆச்சரியப்பட்டாராம். செவ்வாய்க்கிழமை எழுந்துவிட்டாள். எழாமல் என்ன செய்வாள்? அவள் கையிலா இருக்கிறது!

அதற்குப் பிறகுதான் அந்தக் கண் விஷயம் தொடங்கியது. ஹர்ஷினி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் பார்ப்பாள். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொள்வாள். இறுக்கி இறுக்கிச் சிமிட்டுவாள். சாப்பிடும்போதும் அதே, பள்ளிக்கூடத்திலும் அதே. இருட்டினால் தூங்கமாட்டாள், விளக்கை அணைக்கக் கூடாது என்று அழுவாள். யமுனா பயந்துபோனாள். ஆதிக்கு மனசுக்குள் சுருக்கென்று தைத்தது. தைத்ததை அப்படியே அமுக்கிக்கொண்டான். அது வேறு ஏதாவதாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

இரண்டாம் முறை திருப்பதிக்குப் போனபோது டாக்டர் ஸ்ரீதேவி அதை உடனே கவனித்துவிட்டார். "இது எப்பலேந்தும்மா?"

"கொஞ்ச நாளாத்தான் மேடம். திட்டினாலும் நிறுத்தல" என்றாள் யமுனா.

டாக்டர் சிறிது நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாக விளக்கினார். "கவனத்துக்குன்னு முதல்ல குடுக்கிற மாத்திரை நல்லா வேலை செய்யும். அததான் எழுதலாம்னு இருந்தேன். ஆனா தன்னையறியாம இப்பிடி வெட்டி வெட்டிக் கண்ணு சிமிட்டுற குழந்தைங்களுக்கு யோசிச்சுத்தான் குடுக்கணும். சிலபேருக்கு அத ஜாஸ்தி பண்ணிடும். பயமும் ஏறியிருக்கு. அதனால வேற மருந்து போடலாம். அது மெதுவாதான் கேக்கும். தூக்கம் வரும், பகல்ல கொஞ்சம் மந்தமா இருப்பா." பேனாவை எடுத்தவர் ஒரு நிமிஷம் நிறுத்தினார். "வீட்ல ஏதாவது நடந்துச்சா? யாராவது பயமுறுத்தினாங்களா?"

ஆதி வாயைத் திறப்பதற்குள் யமுனா பேசிவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு அவள ஒரு அடி அடிச்சதில்ல மேடம். ஒரு வார்த்த பொய் சொல்லமாட்டாரு. ஊரே அவர சத்தியத்து ஆதின்னுதான் கூப்புடும்."

டாக்டர் அவனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"ஒண்ணும் நடக்கல மேடம்" என்றான் ஆதி.

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காது இரண்டும் எரிந்தது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்த நாளில்கூட அவனுக்கு வந்ததில்லை. அன்றைக்குப் போதை இருந்தது, மறைத்துக்கொண்டது. இப்போது மறைக்க எதுவுமில்லை. டாக்டர் மருந்தை எழுதிக்கொண்டிருந்தார். அது தவறான மருந்தாகப் போகிறது என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

கீழே மருந்துக் கடை முன்னால் நல்ல கூட்டம். யமுனா சீட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். ஹர்ஷினி சுவரோரம் நின்று, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே இருந்த போர்டை வாய்க்குள் படித்தாள். அப்புறம் வலது கண். பிறகு ஆதியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நைனா, இந்த மாத்திர துன்னா கண்ணு போவாதா?"

"கண்ணு எதுக்கும்மா போவுது?"

"நான் எந்திரிச்சிட்டேன் இல்ல? தெனமும் எந்திரிக்கறேன். உக்காரணும்னுதான் இருக்கேன், கால் தானா போவுது." அவள் கண்ணை இறுக்கிச் சிமிட்டினாள். "சாமி மொதல்லயே கொஞ்சம் எடுத்துக்கிச்சு. நீதானே சீனு மாமாகிட்ட சொன்ன, கண்ணு சரியில்லன்னு. மீதி எப்ப எடுக்கும்னு பாத்துகினே கீறேன். அம்மாகிட்ட சொல்லாத, அழும்."

ஆதிக்கு அங்கேயே தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. தான் தப்பிக்க எடுத்துவிட்ட பொய்யும், தான் பெருமைப்பட்ட சத்தியமும் சேர்ந்து ஒரு குழந்தையை இந்தப் பாடு படுத்தியிருக்கின்றன. அதையும் அவள் அம்மாவுக்காக மூடி வைத்திருக்கிறாள். அடப்பாவி, நீயெல்லாம் ஒரு தகப்பனா என்று தன்னையே திட்டிக்கொண்டான். வரிசையில் புகுந்து யமுனாவின் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கினான்.

"மருந்து வேணாம். மேல வா."

"ஐயோ, இன்னாயா இது? டாக்டரம்மா எழுதிக் குடுத்ததுய்யா!"

"வான்னா வா."

டாக்டர் அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. அவர்கள் வெளியே வரும்வரை நின்றான். உள்ளே போனதும் உட்காரக்கூட இல்லை. "மேடம், நான் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்து, குளத்தில் முங்க வைத்தது, வார்த்தை எடுத்துக் கொடுத்தது, கண்ணைப் பிடுங்கும் என்று சொன்னது, சீனுவிடம் புளுகியது எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே கொட்டினான். யமுனா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டரும் திட்டவில்லை. ஹர்ஷினியை அருகில் அழைத்து, "ஏம்மா பங்காரம், கண்ண பொத்தி இன்னா பாப்ப?" என்று கேட்டார். "தெரியுதான்னு" என்றாள் குழந்தை. டாக்டர் தலையசைத்தார். ஆதியிடமிருந்து சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

"இது தானா வர்ற சிமிட்டல் இல்ல, பயம். அப்போ மருந்தும் மாறும். கவனத்துக்கான மாத்திரையவே காலையில சாப்பிட்டதும் சின்ன அளவுல ஆரம்பிக்கலாம். பசியும் தூக்கமும் எப்படி இருக்குன்னு பாத்துக்கினே இருங்க, பயம் ஜாஸ்தியானா உடனே வாங்க. பயத்துக்கு இப்போதைக்கு மாத்திரை வேணாம், வாராவாரம் இங்க வந்து பேசி விளையாடட்டும்." பிறகு ஆதியைப் பார்த்தார். "மாத்திரைய நான் பாத்துக்கறேன். ஆனா அந்தச் சத்தியத்த எடுக்கிற மருந்து எங்கிட்ட இல்ல. நீங்கதான் எடுக்கணும்."

பஸ் ஸ்டாண்டில், ஊர்ப்பக்கம் போகும் புத்தூர் பஸ் கிளம்ப நேரமிருந்தது. ஆதி மகளுக்கு எதிரே தரையில் குந்தினான். போகிற வருகிற ஜனம் பார்த்தது. பார்க்கட்டும்.

"பாப்பா, அந்தச் சத்தியம் செல்லாது. நைனா தப்பு பண்ணிட்டேன். உன்னால முடியாதத உன்ன சொல்ல வெச்சேன். சாமி கொழந்தைங்க கண்ண எடுக்காது. யாரு கண்ணையும் எடுக்காது. உன் கண்ணு நல்லாத்தான் கீது, நான்தான் சீனுகிட்ட பொய் சொன்னேன்."

ஹர்ஷினி நெடுநேரம் யோசித்தாள். அவளால் அத்தனை நேரம் ஒன்றையே யோசிக்க முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

"அப்போ உன்னுதும் செல்லாதா?"

"இன்னாது?"

"நீ குடிக்கமாட்டேன்னு பண்ணியே, அது. சாமி ஒண்ணும் பண்ணாதுன்னா நீ குடிப்பியா?"

யமுனா அப்போதுதான் திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நிறைமாத வயிற்றோடு பெட்டியைத் தூக்கிய அன்றைய பயம் அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் ஆதி நின்றது சாமி மேலிருந்த பயத்தைப் பிடித்துக்கொண்டுதான். மகளிடமிருந்து அதைப் பிடுங்கி எறிந்தால் தன்னிடமிருந்தும் போய்விடும் என்பதை அவன் யோசிக்கவே இல்லை.

"மாட்டேன்" என்றான்.

"சத்தியமா?"

அந்த வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் வாயை மூடிக்கொண்டான். விழுங்கினான்.

"சத்தியம்லாம் இல்ல. சும்மாவே மாட்டேன்."

"சரி" என்றாள் ஹர்ஷினி. பஸ் ஏறும்போது யமுனா, புதுச் சீட்டுக்கு வாங்கிய மாத்திரைப் பையை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதைத் துணிப்பைக்குள் ஒளிக்கவில்லை.

ரேணிகுண்டா தாண்டி ஒரு ஒயின் ஷாப் ஓரமாக பஸ் மெதுவாகப் போயிற்று. ஆதியின் கை தானாகக் கன்னத்தை நோக்கி எழுந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் கடையைப் பார்த்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான். கடை பின்னால் போய் மறையும்வரை அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு.