கலாநிதி அகின்வாலேயின் முதுகெலும்பு

“இந்த முதுகு என் தாய் ஒருத்திக்குத்தான் வளைந்தது. இனி எவனுக்கும் ஏலாது!”

கலாநிதி அகின்வாலே இதை எழுந்து நின்றுதான் சொல்வார். ஒரு கையில் பிட்டுத் தட்டு இருக்கும். ஆங்கிலத்தில் தொடங்கி, கடைசிச் சொல்லை மட்டும் தமிழில் போட்டு முடிப்பார். லண்டன் டூட்டிங்கில் பஸ்தியாம்பிள்ளை வீட்டு மேலறையில் குடியிருந்து பொறுக்கிக்கொண்ட தமிழ்ச் சொற்களில் ‘ஏலாது’தான் அவருக்கு மிகப் பிடித்தது. இவ்வளவு உறுதியான சொல் அரசியல் சாஸ்திரத்திலேயே கிடையாது என்பது அவருடைய ஆய்வு முடிவு.

“புரொபெசர், முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும். பிட்டு ஆறுது, இருந்து சாப்பிடுங்கோ,” என்பார் வீட்டுக்கார அம்மா எமில்டா.

“அக்கா, உறைப்புக் காணாது.”

எமில்டா அவரைவிட எவ்வளவோ இளையவர். கடைத்தெருவில் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் இந்த நாட்டுச் சட்டம் போலும் என்று கலாநிதி ஏற்றுக்கொண்டுவிட்டார். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்.

நைஜீரியாவின் யொரூபாக்காரர். நெடிய உருவம், வாசல் நிலையில் தலை இடிக்கும், அப்போதும் குனியமாட்டார், முழங்காலை மடித்து நுழைவார். இரண்டு கைக்கடிகாரங்கள் கட்டியிருப்பார், இடது கையில் லண்டன், வலது கையில் ஊர். கோடையில் இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். அப்போதும் இரண்டையும் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருவார். மாடிப்படியடியில் அவருடைய சூட்கேஸ் வந்த வருடத்திலிருந்து பூட்டியபடியே நிற்கிறது. எமில்டா அதன்மேல் பூச்சாடி வைத்துவிட்டார்.

அவர் இங்கே வந்து சேர்ந்த கதை அந்த முதுகின் கதை. யொரூபா ஆண்கள் பெரியவர்களைக் கண்டால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவது வழக்கம். பஸ்தியாம்பிள்ளைக்கு இது அனுபவப் பாடம். யாழ்ப்பாணத்து வாத்திமார் பலர் நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போன காலத்தில் அவரும் போய்க் கணக்குப் படிப்பித்தவர்.

“முதல்நாள் வகுப்புக்குள்ள போறன், முன் வரிசைப் பெடியள் அப்பிடியே நிலத்தில விழுந்திட்டாங்கள். வெயிலில மயங்கிப்போனாங்களாக்கும் எண்டு நான் வாளித் தண்ணியை எடுத்து ஊத்திப்போட்டன், சேர்!”

கலாநிதி இதற்குச் சிரிப்பதில்லை. அவருடைய ஊரில் கட்சி, கல்லூரி, கல்யாணம் எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த முதிய தலைவர் ஒருவர் உண்டு. பெரியவர் என்றாலே அவர்தான். எண்பத்து மூன்றாம் ஆண்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தப் பெரியவர் நுழைந்தபோது, இருந்த ஆண்களெல்லாம் அறுத்துப் போட்ட வயல்போல் தரையில் கிடந்தார்கள். கலாநிதி ஒருவர் மட்டும் நின்றுகொண்டு, கையை நீட்டி, “மாலை வணக்கம்” என்றார். பெரியவர் அந்தக் கையை, மீன்காரன் தவறுதலாக நீட்டிய நண்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த தவணையில் பல்கலைக்கழகத்தில் கலாநிதியின் துறையையே மூடிவிட்டார்கள். அவர் லண்டன் வந்து, அதிகாரத்தின் முன் விழுந்து கிடக்கும் அறிவாளிகளைக் கண்டித்துத் தலையணை அளவில் ஒரு நூல் எழுதினார். அதன் பாதி அடிக்குறிப்பு.

அந்த அடிக்குறிப்புகளே அவருடைய அரசியலுக்கும் சத்துரு. ஊரில் தேர்தல் வருகிறது என்று கேள்விப்பட்டது முதல், அப்பர் டூட்டிங் வீதி மளிகைக் கடைகளில் கிழங்கு பொறுக்குகிற சனங்களின் கையைக் குலுக்கி வாக்குக் கேட்டுப் பழகினார். “சகோதரர்களே, உங்கள் கிராமத்துக்குக் குழாய்த் தண்ணீர் தருவேன்” என்பார். உடனே மனச்சாட்சி உறுத்தும். “இது அணைக்கட்டு அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்துக்கு உட்பட்டது” என்று சேர்த்துக்கொள்வார். ஆதாரமில்லாத வசனம் அவர் வாயில் தங்காது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஏப்ரலில் ஊரிலிருந்த அவருடைய மருமகனிடமிருந்து செய்தி வந்தது. சொந்தத் தொகுதியில் கட்சிக்கு ஆள் தேவை. முடிவு பெரியவர் கையில். ஞாயிறு பூசை முடிந்ததும் அவரே தொலைபேசியில் பேசுவார். “அவனுடைய முதுகு இப்போது எப்படி?” என்று மட்டும் விசாரித்தாராம்.

அந்த வாரம் கலாநிதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உறைப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. எமில்டாவுக்கே பயம் பிடித்தது. மாலைக் கல்லூரியில் அவருடைய வகுப்பை ஆளில்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஊரில் தாயாருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இந்தத் தொகுதி கிடைத்தால் ஊர், இல்லாவிட்டால் கடைசி வரைக்கும் இந்த மேலறைதான். நடையில் இருந்த தொலைபேசியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிங்ஸ்பரியிலிருந்து எமில்டாவின் தங்கை பெர்னடெற் போன் எடுத்துக் கதை தொடங்கினால், எதிரே வந்து நின்று இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிக் காட்டுவார்.

“அக்கா, பெர்னடெற்றுக்கு ஏலாது எண்டு சொல்லுங்கோ!”

சனிக்கிழமை பஸ்தியாம்பிள்ளை ஒரு வழி சொன்னார். “சேர், உங்கட ஆக்கள் போனில ‘விழுந்து கும்பிடுறன்’ எண்டு வாயாலதானே சொல்லுறவை? சொல்லிப்போட்டுக் கதிரையில இருங்கோ. ஆள் அங்கயிருந்து எட்டிப் பாக்கவே போகுது?”

“அது பொய்யல்லவா?”

“பொய்யில்லை சேர், அரசியல்.”

ஞாயிறு காலை கலாநிதி நீல நிற நீள அங்கியை அணிந்து, தொப்பி வைத்து, படியில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் பதறி எழுந்தார்.

பெரியவரின் குரல் மெலிந்துபோயிருந்தது. சுகம் கேட்டது. தாயாரை விசாரித்தது. பிறகு பேசாமல் இருந்தது. அந்த மௌனம் எதற்குக் காத்திருக்கிறது என்று கலாநிதிக்குத் தெரியும். மூச்சை இழுத்துவிட்டுத் தாய்மொழியில் சொன்னார்: “ஐயா, உங்கள் முன் விழுந்து கிடக்கிறேன்.”

“நல்லது மகனே,” என்றது குரல். பிறகு இருமத் தொடங்கியது.

அவ்வளவுதான், காரியம் முடிந்தது. குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து பஸ்தியாம்பிள்ளை பெருவிரலை உயர்த்திக் காட்டினார். கலாநிதி அதைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தபடி நின்றார். வசனம் சொல்லியாகிவிட்டது. அதற்கு ஆதாரம் இல்லை.

கண்ணாடியைக் கழற்றிப் படியில் வைத்தார். தொப்பியை அதன் பக்கத்தில் வைத்தார். சுருள் வயர் இழுபட, முதலில் முழங்கால், பிறகு கை, பிறகு நெஞ்சு என்று சத்தமில்லாமல் லினோலியம் தரையில் இறங்கினார். நடை முழுவதையும் அவர் உடம்பு அடைத்துக்கொண்டது.

“இஞ்சேருங்கோப்பா, ஆள் விழுந்திட்டார்! தண்ணி கொண்டாங்கோ!” என்று எமில்டா ஓடிவந்தார்.

பஸ்தியாம்பிள்ளை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “சத்தம் போடாதையும். இது மயக்கமில்லை.”

ரிசீவருக்குள் பெரியவர் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். கலாநிதி, முகத்துக்கு நேரே கிடந்த எமில்டாவின் செருப்பை ஒரு விரலால் மெல்லத் தள்ளி, நெற்றிக்கு இடம் செய்துகொண்டார்.