மூக்குக்காரரின் அணில் யுத்தம்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. கேஸ் ஏஜென்சியில் இருபத்திரண்டு வருடமாக அடுப்பு மெக்கானிக். எந்த வீட்டு வாசலை மிதித்தாலும், பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, "ரெகுலேட்டர் வாஷர் போயிருக்கு" என்றோ "அடுப்பு நாப்ல கசியுது" என்றோ சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை. மூக்குக்காரர் என்ற பெயர் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் உள்ளூர ஒரு பெருமை.

அப்பேர்ப்பட்ட மனிதர் கொஞ்ச காலமாக அணில்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

வீட்டின் பின்பக்கம் ஒரு கொய்யா மரம். அதில் குடியிருந்த அணில்கள் மரம் போதாதென்று வீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு பழத்தை ஒரே கடி கடித்துக் கீழே போட்டுவிட்டு அடுத்த பழத்துக்குப் போகும். முழுதாகத் தின்றாலாவது பாவம், பசி என்று விட்டுவிடலாம். தொட்டியில் ஊன்றிய விதையைத் தோண்டும். வாசல் மிதியடியின் நாரை உருவும். துணி துவைக்கிற சோப்பைக்கூட விட்டுவைப்பதில்லை. அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவர். மெஷினுக்கு அடியில் வெட்டுத் துணிக் கூடை இருக்கும். சமையலறையின் மேல் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, அதிலிருந்து நீலத் துண்டுகளாகப் பார்த்து ஒன்று பொறுக்கிக்கொண்டு போகும்.

"வெள்ளையத் தொடவே மாட்டேங்குது. அழுக்காயிடும்னு பயம் போல" என்று மனைவி சிரிப்பார்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மிளகாய்த்தூளைக் கரைத்து ஜன்னல் விளிம்பில் தெளித்தார்; காற்று திரும்பி அடித்ததில் அவர் கண்தான் எரிந்தது. பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். கடைசியில் எலிக்கூண்டு வைத்து ஒன்றைப் பிடித்தார். அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை அதன் வால் நுனியில் தடவி, ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பூங்காவில் விட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், கொய்யாக் கிளையில் சிவப்பு வால். அதற்கு வழி எப்படித் தெரிந்தது என்று ஏஜென்சியில் எல்லோரும் அவரையே கேட்டார்கள். சூப்பர்வைசர் தினமும் காலையில், "என்ன மூக்குக்காரரே, இன்னைக்கு ஸ்கோர் என்ன?" என்பார்.

கேலி செய்தவர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய மூக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டது. சளி சரியானால் சரியாகிவிடும் என்று இருந்தார். சளி சரியாயிற்று. சோப்பு, பெட்ரோல், மல்லிகை, எரிந்துபோன ரொட்டி, எதுவும் வரவில்லை. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். அந்த டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட. தெரிந்தால் மறுநாளே கிடங்கில் உட்காரவைத்துக் காலி சிலிண்டர் எண்ணச் சொல்வார்கள். அதையாவது சகித்துக்கொள்ளலாம். மூக்குக்காரருக்கு மூக்கு இல்லை என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பதை நினைத்தால்தான் அவருக்கு உயிரே போனது.

வேலையைச் சோப்புத் தண்ணீரால் சமாளித்தார். டியூபிலும் ரெகுலேட்டரிலும் பூசினால், கசிவு இருக்கிற இடத்தில் நுரை குமிழ் விடும். ஒரு தடவைக்கு மூன்று தடவை பூசினார். ஆனால் ஊர் அவருடைய மூக்கைத்தான் நம்பியது. பூசி முடித்ததும், "நீங்க ஒரு தடவ மோந்து பார்த்துச் சொல்லிடுங்க, அப்பதான் எனக்கு நிம்மதி" என்பார்கள். அவரும் குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்து, தலையாட்டுவார்.

வியாழக்கிழமைகூட அப்படித்தான் நடந்தது. மூன்று தெரு தள்ளித் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், லேசாக வாடை வருகிறது என்று கூப்பிட்டிருந்தார். டியூபில் குமிழ் இல்லை. ரெகுலேட்டரில் இல்லை. இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "ஒன்னுமில்ல டீச்சர், பிரமைதான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வெளியில் இப்படி ஓட்டிவிடலாம். வீட்டில் என்ன செய்வது? அணில்கள் சமையல் மேடைக்கு அடியில், சிலிண்டர் பக்கம் போய்வந்தன. மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் டியூபின் மேல் பொடிப்பொடியாகப் பல் பதிந்திருந்ததைப் பார்த்தார். அன்றைக்கே புது டியூப் மாட்டினார். ஆனால் பயம் போகவில்லை. நுகர முடிகிறவனுக்கு வீடு தானே எச்சரிக்கை செய்யும். அவருக்கு யார் செய்வது? காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, சோப்புத் தண்ணீரும் கையுமாக மேடைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். "அணில் பயம்" என்று மனைவி நினைத்துக்கொண்டார். அப்படியே நினைக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். நல்ல சாக்கு.

சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, மேல் ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தார். விரல் நுழையாத கண்ணி, சுற்றிலும் திருகாணி. அணில் என்ன, எறும்பே யோசித்துத்தான் நுழைய வேண்டும். மூன்று மாதத்தில் முதல்முறையாக அன்று சாயங்காலம் அவர் சோப்புத் தண்ணீரை எடுக்கவில்லை. அதுதான் அடைத்தாயிற்றே. சமையலறை வாசல் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மனைவி சமைத்து முடிக்கும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். வழக்கம்போல ரெகுலேட்டரை மூடிவிட்டு இருவரும் படுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதே ஸ்டூலில், செய்தித்தாளோடு அவர். மனைவி ரெகுலேட்டரைத் திறந்தார், பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார், லைட்டரைக் கையில் எடுத்தார். எடுத்தவர் ஒரு கணம் நின்று, திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். என்ன என்று புரியாமல் அவர் சிரித்தார். மனைவியும் லேசாகச் சிரித்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பினார்.

அந்த நேரத்தில்தான் மேடைக்கு அடியிலிருந்து ஒரு அணில் பாய்ந்து, அவர் கால்மேல் ஏறி இறங்கி, மூலைக்கு ஓடியது. வால் நுனி சிவப்பு.

வலை அடித்தபோது அது உள்ளே இருந்திருக்கிறது என்பது அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. நேற்று மாலையிலிருந்து உள்ளே. வெளியே போக வழி தேடி, ராத்திரி முழுக்க, பல்லில் பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டு.

"லைட்டரக் கீழ வை."

"என்னங்க?"

"அழுத்தாத. கீழ வை."

அவர் தரையில் விழுந்து கையை நீட்டி ரெகுலேட்டரை மூடினார். டியூபில், சுவரோரம் வளைகிற இடத்தில், உறையே இல்லை. உள்ளே இருந்த கம்பியும் தெரிந்து, அதற்கு நடுவே ஒரு பிளவு. குமிழ் பார்க்கத் தேவையே இல்லை. மனைவியின் கை பழக்கத்தில் ஃபேன் சுவிட்சுக்குப் போனது. "எதையும் தொடாத, பொறி பறக்கும். கதவ மட்டும் திற" என்று கத்தினார். பின்கதவைத் திறந்ததும் முதலில் வெளியே ஓடியது சிவப்பு வால்தான்.

கொய்யா மரத்தடியில் இருவரும் நின்றார்கள். அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். மேலே சிவப்பு வால் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலமே லேசா வாடை வந்துச்சுங்க" என்றார் மனைவி. "இன்னைக்கு ரெகுலேட்டரத் திறந்ததுமே நல்லா வந்துச்சு. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கீங்க. மூக்குக்காரருக்கே வரலைன்னா எனக்கு எங்க வரப்போகுது, பிரமையா இருக்கும்னு விட்டுட்டேன். அதுக்குத்தான் உங்க மூஞ்சியப் பார்த்தேன். நீங்க சிரிச்சீங்க."

டியூபைப் பார்த்தபோது பட்ட பயம் ஒன்றுமே இல்லை என்று அப்போது அவருக்குத் தோன்றியது. தன் மூக்கு போனது மட்டுமல்ல, தான் வாய்மூடி இருந்தே இவளுடைய மூக்கையும் கெடுத்திருக்கிறோம்.

"எனக்கு எதுவும் வரல" என்றார். "எட்டு மாசமா. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாடையும் தெரியல."

மனைவி அவரை முறைத்தார். "போன மாசம் பால் அடிபிடிச்சப்ப, ஆகா நல்ல வாசனைன்னு சொன்னீங்களே. கிண்டல் பண்றீங்கன்னு ரெண்டு நாள் நான் உங்ககூடப் பேசல."

"பேசாததுக்கு அதுதான் காரணம்னு இப்பதான் தெரியுது."

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்டக்கூட சொல்லலியே" என்றார். அவர் மனம் அங்கே இல்லை. பிரமையா இருக்கும்னு விட்டுட்டேன். இந்த வார்த்தையை அவர் வேறு எங்கோ சொல்லியிருந்தார்.

"டீச்சர்" என்றார்.

மூக்கு இருந்த காலத்தில் அடுப்பில் எந்த நாப் கசிகிறது என்று குனியாமலே சொல்லிவிடுவார். அதனாலேயே அடுப்பைத் திருப்பிப்போட்டு நாப்களுக்கு அடியில் பார்க்கிற பழக்கம் கைவிட்டுப் போயிருந்தது. வியாழக்கிழமையும் பார்க்கவில்லை. டீச்சருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அந்த மணி சமையலறையில் அடிக்கிறதோ என்று நினைத்ததும் பதறிப்போய்க் கட் செய்தார்.

மனைவி அதற்குள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சிலிண்டருக்குப் பின்னால், டியூபையே பார்த்துவந்த அவர் கண்ணில் படாத இடுக்கில், நாரும் நீலத் துண்டுகளுமாக ஒரு கூடு. அதில் கண் திறக்காத மூன்று குஞ்சுகள். "அம்மாக்காரி எதுக்கு உள்ள வந்தாள்னு இப்பத் தெரியுதா?" கூட்டோடு ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து மரத்தடியில் விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, நானும் வரேன். உங்களுக்கு இப்ப ஒரு மூக்கு வேணும்ல" என்றார்.

மூன்று தெருவைக் கடக்க மூன்று நிமிடம் ஆகியிருக்கும். வழியில் தெரிந்த கடைக்காரர் கையாட்டியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் புகை தெரிகிறதா என்று மாடிகளுக்கு மேலே பார்த்தார். டீச்சர் வீட்டு வாசலில் காலிங் பெல்லுக்குப் போன விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கதவைத் தட்டினார். மறுபடி தட்டினார். தட்டத் தட்டக் கை வலித்தது.

ஈரத்தலையில் துண்டோடு டீச்சர் கதவைத் திறந்தார். "குளிச்சிட்டிருந்தேன். என்ன அவசரம்?"

மனைவி நேராகச் சமையலறைக்குள் போனார். வாசலிலேயே நின்று ஒரு மூச்சு இழுத்தார். "இருக்குங்க" என்றார். "லேசாத்தான். ஆனா இருக்கு."

அவர் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, வாடை போனபிறகு அடுப்பைத் திருப்பிப்போட்டு, நாப்களில் சோப்புத் தண்ணீர் பூசி, ரெகுலேட்டரை மறுபடி திறந்தார். இடப்பக்க நாப்பின் அடியில் குமிழ் ஒன்று மெதுவாகப் பெரிதாகி உடைந்தது. அடுத்தது வந்தது. மூன்று நாளாக இப்படி வந்துகொண்டிருக்கிறது.

"நான்தான் சொன்னேனே. நீங்க பிரமைன்னீங்க" என்றார் டீச்சர்.

"உங்க மூக்கு சரியாத்தான் இருக்கு டீச்சர். எனக்குத்தான் மூக்கு போயிடுச்சு. எட்டு மாசமாச்சு. யார்கிட்டயும் சொல்லல."

"தப்பான விடைக்கு முழு மார்க் போட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார் டீச்சர். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்தபோது பெட்டியில் ஒரே ஒரு குஞ்சு பாக்கி இருந்தது. சிவப்பு வால் இறங்கி வந்து அதையும் வாயில் கவ்விக்கொண்டு, அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் மரம் ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க மூக்குக்காரரே. வலை அடிச்சாச்சா? அணில் பிரச்சினை தீர்ந்துச்சா?"

"அது அணில் பிரச்சினை இல்ல சார்."

சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. எட்டு மாதம் மறைத்தது நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. எதிர்முனையில் சிரிப்பு வரும், அல்லது வசவு வரும் என்று காத்திருந்தார். இரண்டும் வரவில்லை.

"எத்தன வீட்டுல ஒன்னுமில்லைன்னு சொல்லிட்டு வந்தீங்க?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

அவர் வேலைப் புத்தகத்தைப் பிரித்தார். எட்டு மாதப் பக்கங்கள். மனைவி பக்கத்தில் நின்று விரல் வைத்துக்கொண்டே வந்தார். வாடை வருவதாகப் புகார், கசிவு இல்லை. வாடை வருவதாகப் புகார், கசிவு இல்லை. டீச்சரைத் தவிர்த்துப் பதினொரு வீடு.

"இப்பவே ரெண்டு பேர அனுப்புறேன். முகவரியச் சொல்லுங்க. நாளைலேர்ந்து நீங்க கிடங்கு."

"சரி சார். பக்கத்துல இருக்கிறத நாங்களே பார்த்துடறோம்."

முதல் வீடு அடுத்த தெருவிலேயே. அங்கும் பெல்லைத் தொடவில்லை, தட்டினார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். "ஞாயித்துக்கிழமைகூடவா வேலை?"

"போன மாசம் வாடை வருதுன்னு கூப்பிட்டீங்களேம்மா. இன்னும் வருதா?"

"தெரியலீங்களே" என்றாள் அவள். "நீங்கதான் ஒன்னுமில்லைன்னு சொல்லிட்டீங்களே. அதுக்கப்புறம் நான் மோந்தே பார்க்கல."