ஒரு கிலோமீட்டர் தள்ளி

என் அண்ணியைப் பற்றி யாராவது "பாவம்" என்று உச்சுக்கொட்டினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பாவப்பட வேண்டுமென்றால் முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் படட்டும். நான் பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறவள். எனக்குக் காடும் தெரியாது, கரண்டும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்தச் சமையலறையில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவே மூன்றாவது ஆளாக இருந்தவள் நான்தான். அதனால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

அண்ணி காட்டு ஆராய்ச்சிக்காரி. அவள் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள், நாங்களும் சிரித்தோம். மலைமுகடு ஒன்றில் நீளவாக்கில் ஒரு துண்டுக் காடு. அவர்கள் பேச்சில் அதற்குப் பெயர் பிளாட். வீடு கட்ட வாங்குகிற பிளாட் அல்ல. அங்கே ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த ஒரு தகடு, நெஞ்சு உயரத்தில் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு வளையம். வருஷா வருஷம் மழை விட்டதும் போய், அந்த வளையத்தின் மேல் நாடாவைச் சுற்றி, மரம் எவ்வளவு பருத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எங்கள் வீட்டில் அவளுக்கு டெய்லர் என்று பெயர் வைத்தோம். "இந்த வருஷம் எத்தனை மரத்துக்குச் சட்டை தைச்சீங்க?" என்று கேட்பேன். துணி எடுத்துக் கொடுத்தால் உனக்கும் தைத்துத் தருகிறேன் என்பாள்.

அங்கே எதையும் தொடக்கூடாது என்பது சட்டம். ஒரு கொடி இளமரத்தைச் சுற்றி நெரித்துக்கொண்டிருந்தாலும் நின்று பார்த்துக் குறித்துக்கொள்வாளே தவிர அறுத்துவிட மாட்டாள். கல்நெஞ்சமா உங்களுக்கு என்று ஒருமுறை கேட்டேன். கை வைத்துவிட்டால் அது காடில்லை, என் தோட்டம் என்றாள்.

அந்த வேலைக்குச் சம்பளம் ஒழுங்காக வந்ததா என்றால் அதுவும் இல்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. நிரந்தர வேலை வேண்டுமென்றால் பெரிய கட்டுரை எழுதியிருக்க வேண்டும். பெரிய கட்டுரை எழுதும் அளவுக்கு மரம் வளர்வதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும். கூடப் படித்தவர்கள் எல்லோரும் வேறு துறைக்குத் தாவிவிட்டார்கள். இவள் மட்டும் உப்புக்குச் சப்பாணி போல ஏதேதோ பதவிகளில் ஒட்டிக்கொண்டு அந்த முகட்டை விடவில்லை. ஏழு மாத வயிற்றோடு போய் அளந்தாள். அங்கே காவலுக்கு இருந்த வாட்சர் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வருவாராம். அவள் அளந்துகொண்டிருந்த வாரங்களில் அண்ணன்தான் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டான். அதனாலேயே அவன் அந்தக் காட்டை ஒருநாளும் பார்த்ததில்லை.

தலை நரைக்கிற வயதில்தான் விடிந்தது. நாம் விடுகிற புகையில் ஒரு காடு எவ்வளவை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று உலகம் கேட்க ஆரம்பித்தது. பதில் சொல்ல, மரம் பருத்த இத்தனை வருஷக் கணக்கு யாரிடமும் இல்லை, அண்ணியிடம் இருந்தது. கட்டுரை வெளிவந்தது, அரசாங்க வன ஆராய்ச்சி அலுவலகத்தில் நிரந்தர வேலையும் வந்தது.

அண்ணனும் ஆராய்ச்சிக்காரன்தான். காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுப்பது பற்றிப் படித்தவன். மலைக்காற்றில் எடுத்த மின்சாரத்தை நகரத்துக்குக் கொண்டுவரும் பெரிய மின்பாதை ஒன்றை வரையும் பொறுப்பு அவனிடம் வந்தது. புகையை நிறுத்த வேண்டும் என்பதில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே வெறி. ஆனால் காட்டு வழியாகப் போகும் எந்தப் பாதையும் அண்ணியின் அலுவலகத்தின் ஒப்புதலுக்கு வந்தாக வேண்டும். "என் கணவர் போட்ட வரைபடம், அந்தக் கோப்பை நான் தொட மாட்டேன்" என்று அண்ணி எழுதிக் கொடுத்தாள். கோப்பு முடிகிற வரை வீட்டில் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று அண்ணனின் அலுவலகமும் சொல்லிவிட்டது. எல்லோரும் மெச்சினார்கள். நானும் மெச்சினேன். ஒரு வருஷத்துக்கும் மேல் அந்த வீட்டில் பால், மகளின் படிப்பு, ஒழுகுகிற குழாய் தவிர வேறு பேச்சே இல்லை. காட்டுக்கு வெளியே ஒப்புதல் தேவையில்லாததால் அங்கெல்லாம் வேலை முன்பே ஆரம்பித்துவிட்டது. பக்கத்து மலையில் புதிதாக ஒரு மின்கோபுரம் எழும்பியிருப்பதைப் பார்த்த அண்ணி, அதைக்கூட வந்து கேட்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு கெட்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். வாட்சர் பேசினார். "மேடம், நம்ம பிளாட்டுல ரம்பம் ஓடுது. சார் சொல்லியிருப்பாருல்ல?"

அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். கோப்பு முந்தின வாரம்தான் முடிந்திருந்தது. அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தான். "அவர் வேற எங்கயோ நின்னு பேசுறாரும்மா. உன் பிளாட் பக்கமே கோடு வராது. முதல்ல போட்டது நேரா அது மேலதான் போச்சு. நான்தான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளி அடுத்த முகட்டுக்கு மாத்துனேன். உன்கிட்ட சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன்."

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பிறந்தநாளுக்கு வாங்கிய புடவையை ஒளித்து வைத்திருந்து நீட்டுகிறவனின் முகம் அது.

அண்ணி கையைத் துடைக்கவில்லை. "பிளாட் எங்க இருக்குன்னு எதைப் பாத்து முடிவு பண்ணீங்க?"

"உன் கட்டுரையைப் பாத்துதான். அதுல மேப் இருக்கே."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் என்று நினைத்து நான் ஓடினேன். "அது நிஜமான இடம் இல்லைங்க," என்றாள். "நான்தான் மாத்திப் போட்டேன். அடுத்த முகட்டுல."

மரத் திருடர்களுக்குப் பயந்து இவர்கள் செய்கிற வேலை அது. அண்ணியின் ஆசிரியர் ஒருவர் அரிய மரங்கள் நின்ற இடத்தை உள்ளது உள்ளபடி அச்சில் போட்டார். அடுத்த வருஷம் அங்கே அடிக்கட்டைகள்தான் இருந்தன. அதிலிருந்து இவள் இடத்தைக் கொஞ்சம் தள்ளிக் காட்டுவாள். இடம் மாற்றிக் காட்டப்பட்டுள்ளது என்று கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரியும் போட்டிருந்தாள். அண்ணன் மேப்போடு நிறுத்திவிட்டான். பெண்டாட்டியின் கட்டுரையைக் கடைசிப் பக்கம் வரை படிக்காத பெரிய மனுஷன். அவள் அலுவலகத்துக்காரர்களும் அதே மேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, சரி, தள்ளித்தான் போகிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் இருப்பதே இரண்டு முகடுகள். அண்ணன் சும்மா இருந்திருந்தால் அவளுடைய மரங்கள் நின்றிருக்கும். அவள்மேல் வைத்த பிரியம்தான் கோட்டைத் தூக்கி அவள் காட்டின் மேல் வைத்தது.

வண்டியை நான்தான் ஓட்டினேன். அண்ணன் வழியெல்லாம் போன் போட்டு ரம்பத்தை நிறுத்தச் சொன்னான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றில் இரண்டு பங்கு கிடந்தது. மின்பாதையும் முகட்டின் மேலேயே நீளவாக்கில் வருவதால் ஒரு மரமும் தப்புகிற வழியில்லை. பச்சை மரத்தின் ஈர வாசனை மூக்கை அடைத்தது. விழுந்த மரங்களில் மஞ்சள் வளையங்கள் அப்படியே இருந்தன. வாட்சர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு, சாருடைய வேலையாயிற்றே, மேடத்துக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணன் அண்ணியின் முன்னால் வந்து நின்றான். "மீதியை வெட்ட விடமாட்டேன். கோட்டைத் திரும்ப மாத்துறேன். வேலை போனாலும் போகட்டும்." அவன் சொன்னால் செய்கிறவன்.

அண்ணி அவன் போனை வாங்கி வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள். இந்த முகட்டுக்கு நேராக இரண்டு பக்கமும் கோபுரங்கள் எழும்பிவிட்டன. இனி பழைய முகட்டுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டியாக வேண்டும். அங்கே இதுவரை கோடாலியே விழுந்ததில்லை.

"வேண்டாங்க," என்றாள். "அதுல போனா இதைவிடப் பெரிசா அழியும். இங்க போனது போயிடுச்சு. முடிச்சிடச் சொல்லுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆயுசில் ஒரு தடவையாவது உங்களுக்கென்று ஏதாவது கேளுங்கள் அண்ணி என்று கத்தினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனிடம் மட்டும் சொன்னாள்: "நாளைக்கு ஒரு நாள் குடுங்க. நிக்கிறதை அளந்துடுறேன்."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேறிடத்தில் புதிதாக ஒரு பிளாட் ஆரம்பிக்கலாமே என்று அவள் இயக்குநர் கேட்டார். அந்தக் கணக்கு முடிகிற வரைக்கும் எனக்கு ஆயுசு இல்லை என்று பதில் சொல்லிவிட்டு, மாணவர்களுக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டாள். மின்பாதை வந்துவிட்டது, ஊருக்கு வெளியே புகைந்துகொண்டிருந்த அனல் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். நல்ல காரியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. யாரைத் திட்டுவதென்று தெரியாத துக்கம் ரொம்பப் பொல்லாதது. அண்ணனும் அண்ணியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். இப்போது எதை வேண்டுமானாலும் பேசலாம். பேசத்தான் ஒன்றுமில்லை.

ஆனால் அந்த மறுநாளைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனசில்லை. வாட்சர் என்னால் முடியாது மேடம் என்று பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். அதனால் நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன், அட்டையும் பேனாவுமாக அண்ணன் பின்னாலேயே வந்தான். அண்ணி தகட்டின் எண்ணைச் சொல்வாள், சுற்றளவைச் சொல்வாள், அவன் எழுதுவான். ஒவ்வொரு மரத்தடியிலும் இது என்ன மரம் என்று கேட்டான். அவளும் கோபமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நடுவில் ஒல்லியாக ஒன்று நின்றது. பெரிய மரங்களின் நிழலில் நோஞ்சானாகவே நின்றுவிட்டது, எட்டு வருஷமாக ஒரு நூல்கூடப் பருக்கவில்லை, ஒவ்வொரு வருஷமும் அதே அளவையே எழுதுவேன் என்று அண்ணி எனக்குச் சொன்னாள். நாடாவைச் சுற்றினோம். அவள் குனிந்து பார்த்தாள். அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றிப் பார்த்தாள்.

"வளர்ந்திருக்கு," என்றாள்.

அளவைச் சொன்னாள். அண்ணன் எழுதவில்லை. காதில் விழவில்லை என்றான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர். அண்ணி இன்னொரு முறை, அவனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு, நாடாவைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.