எழுத மறுத்த டிஸ்க்

எங்கள் வரைபடப் பயிற்சி நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு மாணவர்கள் நாங்கள் வைத்த பெயர் 'ரீஸ்டார்ட்'. எந்த வியாதிக்கும் அவர் தரும் முதல் மருந்து அதுதான். பாதி வியாதி அதிலேயே தீர்ந்துவிடும். மீதிக்கு அவர் வீட்டுக்குப் போகாமல் மல்லுக்கட்டுவார். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

கூடத்திலுள்ள எந்தக் கணினிக்கும் சொந்தமாக டிஸ்க் கிடையாது. சுவிட்சைப் போட்டால், பின்னறை சர்வரில் இருக்கும் ஒரே டிஸ்க்கிலிருந்து வயர் வழியாக எல்லாம் உயிர்பெறும். எங்கள் எல்லாருடைய ஒரு வருட வரைபடங்களும் அதில்தான். நகல் எடுத்து வைக்க முதல்வரிடம் இன்னொரு டிஸ்க் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இறுதிப் படங்களை ஒப்படைக்க வேண்டிய நாளன்று காலையில் எல்லாக் கணினிகளும் அடம்பிடித்தன. இருப்பதைத் திறந்து படிக்கலாம், புதிதாக எதையும் எழுதிச் சேமிக்க முடியாது.

"எல்லாரும் ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் அக்கா. பண்ணினோம். திரும்பத் திரும்பப் பண்ணினோம். கணினிகள் துவங்கும்போது எழுத அனுமதி கேட்கின்றனவா என்று பார்த்தார், கேட்டன. சர்வர் கொடுக்கிறதா? கொடுத்தது. கடைசியில் சர்வரிலேயே ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பார்த்தார். அங்கேயும் முடியவில்லை.

டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. மேலும் கெடாமலிருக்க, எழுதுவதைச் சர்வர் தானாகவே பூட்டி வைத்திருந்தது. நாங்களோ ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அந்த நோயாளியை எழுப்பி ஓட விட்டிருக்கிறோம். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"எல்லாத்தையும் அணைங்க! யாரும் கை வைக்காதீங்க!"

முதல்வர் வந்தார். "பூட்டைத் திறந்து விடும்மா. சாயங்காலம் வரைக்கும் தாங்கினா போதும்."

"திறக்கிறது பெரிய வேலையில்ல சார். எழுத ஆரம்பிச்சா இருக்கிறதும் போயிடும்."

"அப்போ மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அக்கா தன் வீட்டுக் கணினியின் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவரச் சொல்லி கணவருக்கு போன் செய்தார். அது வந்ததும் கோப்பு கோப்பாக நகல் எடுக்க ஆரம்பித்தார். சில கோப்புகளுக்குப் பழைய டிஸ்க் கரகரவென்று இழுத்தது. அவர் சாப்பிடவில்லை. அப்படியொரு களைத்த முகத்தை நான் பார்த்ததேயில்லை. முதல்வர்மேல் கோபப்படக்கூட அதில் தெம்பில்லை. அக்காவுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டேன்.

சாயங்காலம் கடைசிப் படமும் அக்காவின் டிஸ்க்குக்கு வந்து சேர்ந்தது. எங்களில் ஒருவருடைய ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை.

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாள் முழுக்க ஒண்ணுமே நடக்கலையேம்மா."

அக்கா வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "ஆமா சார், ஒண்ணும் நடக்கல. அதுக்குத்தான் காலையிலேர்ந்து பாடுபட்டேன்."