சீட் கவர் கடையில் முதலீட்டாளர் கூட்டம்

எங்கள் முதலீட்டாளர் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடும். இடம், தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பாயின் சீட் கவர் கடை. மொத்த முதலீட்டாளர்கள் மூன்று பேர். ஒரு எலெக்ட்ரிக் கார் கம்பெனியையே நாங்கள்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் பேசுவோம். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் மூக்கு ரெக்சின் வாசனையைத் தேடுகிறது. வராது என்று தெரிந்தும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சில்லறை தராதவர்களிடம் வாழ்நாள் முழுக்கக் கத்தியதால் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதாக வீட்டில் சொல்வார்கள். இரண்டாமவர் டிரைவர். தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் போகும் தடத்தில் பதினோரு வருஷம் என்னோடு வண்டி ஓட்டியவர், என்னைவிடப் பத்து நாள் மூத்தவர். எனக்கு அவர் டிரைவரண்ணன், அவருக்கு நான் கண்டக்டர். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் வரவே இல்லை. மூன்றாமவர் பாய். எங்கள் பஸ் சீட்டு கிழிந்தால் தைத்துக் கொடுக்க வந்தவர், அப்படியே நண்பராகிவிட்டார்.

பாயின் மகனுக்கு ஓசூரில் வேலை. கம்பெனி பங்கு வெளியிட்ட சமயத்தில் அவன்தான் மூன்று பேருக்கும் போனில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தான். நாங்கள் வாங்கியது சொற்பம். அந்தச் சொற்பத்துக்கு நாங்கள் பண்ணிய அலப்பறை கொஞ்சநஞ்சமில்லை.

பாய்க்கு மார்க்கெட் நிலவரம்தான் உயிர். காரிமங்கலம் சந்தைக்குப் போனால்கூட அங்கே நிற்கும் கார்களில் எத்தனைக்கு எலெக்ட்ரிக் வண்டியின் பச்சை நம்பர் பலகை என்று பார்த்துவிட்டு வருவார்.

"அண்ணா, போன மாசம் ரெண்டே ரெண்டு நின்னுச்சு. இந்த வாரம் ஏழுங்க! ஏறுமுகந்தான்."

"ஏதாச்சும் கல்யாணத்துக்கு வந்திருப்பாங்க பாய். அத வெச்சு மார்க்கெட்ட சொல்லாதீங்க" என்பேன் நான்.

ஒருநாள் வேலைக்கு வந்திருந்த காரின் சீட்டைத் திருப்பி, அதன் பக்கவாட்டில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். உள்ளே ஏர்பேக் இருக்கிறதாம். "இதுமேல நான் இறுக்கமா கவர் மாட்டுனா, இடிக்கறப்ப பை வெளிய வராதுங்க. அதான் இந்த ஓரத்துல மட்டும் சட்டுனு பிரியற மாதிரி தனி நூல்ல தைக்கறேன்" என்றார். பிரியாமல் தைப்பதையே பெருமையாக நினைத்த மனிதர், பிரியும்படி தைக்கக் கற்றுக்கொண்டு வந்து அதையும் பெருமையாகச் சொன்னார். அப்புறம் சலித்துக்கொண்டார். "ஆனா எவனும் கேக்கறதில்லீங்க. எத்தன கிலோமீட்டர் போவுதுன்னு கேக்கறான், டிவி எத்தன இன்ச்சுன்னு கேக்கறான். இடிச்சா என்ன ஆவும்னு ஒருத்தன் கேக்கணுமே!"

"நான் கேக்கறனே" என்றார் டிரைவர்.

உண்மைதான். அவருக்கு விலை ஏறினாலும் ஒன்றுதான், இறங்கினாலும் ஒன்றுதான். கண்ணாடிக்கு மேலே இருக்கும் கேமரா எவ்வளவு தூரம் பார்க்கும், தானே பிரேக் போடும் என்கிறார்களே, எவ்வளவு வேகத்தில் போடும், ஓரத்திலிருந்து குறுக்கே வருவது தெரியுமா என்று பாயின் மகனைப் போனில் துளைத்து எடுப்பார். அவன் பொறுமையாகப் பதில் சொல்வான். பாய் இதையெல்லாம் தொழில் ஆர்வம் என்று நினைத்தார். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

டிரைவருக்குப் பார்வை சுருங்கிக்கொண்டு வந்தது. நேரே இருப்பது நன்றாகத் தெரியும், ஓரம் தெரியாது. ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் சேலத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, இருக்கிற பார்வையை மருந்து விட்டுக் காப்பாற்றலாம், போனது வராது, இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூடப் போயிருந்தது நான். மற்றவர்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அவர் மனைவிக்குக்கூட ஏதோ சொட்டு மருந்து என்ற அளவில்தான் தெரியும்.

அந்த அம்மாவுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஊர் சனத்தையெல்லாம் அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனவர், கட்டிய மனைவியைத் தன் பஸ்ஸில் ஒரு நாளும் ஏற்றியதில்லை. வீட்டு மனுசாள் வண்டியில் இருந்தால் கவனம் போய்விடும் என்பது அவர் கட்சி. ஓய்வு பெற்றதும் கார் வாங்கி, தன் கையால் ஓட்டி, அந்த மலைப்பாதையில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே காலத்தைத் தள்ளிவிட்டார். அந்த அம்மாவும் சும்மா இருக்க மாட்டார். "அருவிக்கரை மீன் வறுவல் ஆறிப்போயிரப் போவுது" என்று குத்திக்காட்டுவார். டிரைவர் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வார்.

"ஓரத்த வண்டி பாத்துக்கட்டும் கண்டக்டரே, நேரா நான் பாத்துக்கறேன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் பங்கு வாங்கியது அதற்குத்தான்.

நான் மறுத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அதற்கும் காரணம் உண்டு. அவர் கண்ணில் ஏதோ கோளாறு என்பது டாக்டருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

நாங்கள் வேலையில் இருந்த கடைசி இரண்டு வருஷம். ஒரு சாயங்காலம் ஒகேனக்கல்லிலிருந்து திரும்பும்போது, பென்னாகரத்துக்கு முன்னால் இடது பக்கத்திலிருந்து ஒருவர் மாட்டை ஓட்டிக்கொண்டு ரோட்டில் ஏறினார். பகல் வெளிச்சம் நன்றாகவே இருந்தது. பஸ் வேகம் குறையவில்லை. நான் பதறிப்போய் விசிலை விட்டு விட்டு ஊதினேன். டிரைவர் ஏன் எதற்கு என்று பார்க்காமல் பிரேக்கை மிதித்தார். மாட்டுக்கும் பம்பருக்கும் ஒரு முழம்கூட இல்லை. "கண்ணு கூசிருச்சு" என்றார். வெயில் எங்களுக்குப் பின்னால் அடித்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் பின்னால் போவதைக் குறைத்தேன். சட்டுபுட்டென்று டிக்கெட்டைப் போட்டுவிட்டு முன்படிப் பக்கம் வந்து நின்றுகொள்வேன். இடது ஓரம் முழுக்க என் பொறுப்பு. ஒரு விசில் என்றால் நிறுத்த, இரண்டு என்றால் கிளம்ப, விட்டு விட்டு ஊதினால் ஏதோ குறுக்கே வருகிறது. இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கண் பரிசோதனையில் நேரே இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு அவர் வந்துவிடுவார். ஓய்வு பெறுகிற கடைசி நாள் வரை ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார், மாலை போட்டு அனுப்பினார்கள். எனக்கும் ஒரு மாலை.

ஐம்பது அறுபது பேர் உயிரை வைத்துக்கொண்டு என் விசிலை நம்பி ஓட்டிக்கொண்டிருந்தோம். அது தப்பு. நட்பு, விசுவாசம் என்று என்ன பேர் வைத்தாலும் தப்புதான். இன்றைக்கும் சில நாள் விடியற்காலையில் அந்த மாடு ஞாபகம் வந்தால் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

கம்பெனியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்தது. போனிலேயே பார்க்கலாம், முன்கூட்டிப் பதிவு செய்தால் பங்குதாரர் பேசவும் செய்யலாம் என்று பாயின் மகன் சொன்னான். டிரைவர் பதிவு செய்தார். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். தையல் மெஷின்மேல் போனைச் சாய்த்து வைத்தோம். பெரிய பெரிய ஆட்கள் விற்பனை, ஏற்றுமதி, வருகிற வருஷத்து நிலவரம் என்று இங்கிலீஷில் பேசினார்கள். பாய் தனக்குப் புரிந்த வார்த்தைக்கெல்லாம் தலையாட்டினார். டிரைவர் முறை வந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"வணக்கங்க. தர்மபுரிலேர்ந்து பேசறங்க. ஓட்டறவருக்கு ஓரத்துல வர்றது தெரியலீன்னா, வண்டிக்குத் தெரியுமாங்க?"

அப்புறம் ஓர் அதிகாரி தமிழிலேயே பதில் சொன்னார். "நல்ல கேள்விங்க ஐயா. பெரும்பாலும் தெரியும். ஆனா இதெல்லாம் உதவிக்குத்தான். கவனிச்சு ஓட்டற பொறுப்பு ஓட்டறவரோடதுதான்."

அடுத்தவர் பங்குதாரருக்குக் காரில் தள்ளுபடி உண்டா என்று கேட்கப் போய்விட்டார். டிரைவர் முகம் அன்றைக்கு அப்படி மலர்ந்திருந்தது. "தெரியும்னுட்டான் பாத்தீங்களா!" என்று என் தோளைத் தட்டினார். அவர் காதில் பதிலின் முதல் பாதிதான் விழுந்தது. மறுபாதி என் காதில் விழுந்தது. நான் டீயைக் குடித்தேன்.

அந்த மாதமே ஓட்டிப் பார்க்க வண்டி கேட்டோம். ஷோரூமிலிருந்து வந்த பையன் கழுத்தில் டை, வாயில் ஓயாத பேச்சு. அவன் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தான். பாயும் நானும் பின்னால். எந்தப் பக்கம் போகலாம் சார் என்று கேட்டான். டிரைவர் பென்னாகரம் ரோட்டில் திருப்பினார், எங்கள் பழைய தடம். கிளட்ச் இல்லாத வண்டியில் அவருடைய இடது கால் கொஞ்ச தூரம் வரைக்கும் கிளட்ச்சைத் தேடிக்கொண்டே வந்தது. ஸ்டியரிங்கில் கை பட்டதும் ஆள் பத்து வயது குறைந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வாய், ஓட்டட்டும், ஓட்டட்டும் என்றே வேண்டிக்கொண்டது. இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் முன்னால் பையனின் தலையும் சீட்டும் பாதியை மறைத்தன.

இண்டூர் தாண்டி ஒரு சந்திலிருந்து தேங்காய் மூட்டை கட்டிய மொபெட் ஒன்று சட்டென்று ரோட்டுக்கு வந்தது. நான் பார்க்கவில்லை. டிரைவரும் பார்க்கவில்லை. கீ கீ என்று ஒரு சத்தம், கார் தானாகவே அழுந்தி நின்றது. பெல்ட் எங்களைப் பிடித்து இழுத்தது. மொபெட்காரர் திரும்பி, "கண்ணு தெரியலயாய்யா?" என்று கத்திவிட்டுப் போய்விட்டார்.

பையனுக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா சார்! இத காட்டுறதுக்கு நாங்க அட்டைப்பெட்டி வெச்சு டெமோ பண்ணுவோம். உங்களுக்கு நேர்லயே கெடச்சிருச்சு!"

அவன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாவம், அவன் என்ன செய்வான்.

டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, நிதானமாக இறங்கினார். சுற்றிக்கொண்டு என் பக்கத்துக் கதவருகே வந்து நின்றார். நானும் இறங்கினேன். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எத்தன வாட்டிங்க கண்டக்டரே?"

பஸ்ஸில் நான் விட்டு விட்டு ஊதிய விசிலைத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. நான் ஆளை எண்ணி, டிக்கெட்டை எண்ணிப் பிழைத்தவன். "எண்ணலீங்கண்ணா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பையன்தான் வண்டியைத் திருப்பி ஓட்டி வந்தான். பாய்க்கு விஷயம் பாதி புரிந்திருக்க வேண்டும். வழி நெடுக ஏர்பேக்கைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். பத்து மணிக்கு வந்துவிட்டார். மனைவியிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்றார். அந்த வாரம் பங்கு விலை இறங்கியிருந்தது. பாய் கையைப் பிசைந்துகொண்டு, விற்றுவிடலாமா என்று கேட்டார்.

"விக்காதீங்க பாய்" என்றார் டிரைவர். "வண்டி நல்லா பாக்குது. நான் ஓட்டிப் பாத்துத்தானே சொல்றேன்."

பாய் கடையை ஏறக்கட்டிவிட்டு மகனோடு ஓசூர் போனதும், டிரைவர் மகள் வீட்டுக்கு பெங்களூர் போனதும் அதற்கப்புறம்தான். பங்கு இன்னும் மூன்று பேரிடமும் இருக்கிறது. கம்பெனி கூட்டம் நடக்கிற நாளில் போன் பேசிக்கொள்கிறோம். ஆனால் ரெக்சின் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசியதுபோல் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் ஏங்குகிறேன்.

அவர் பெங்களூர் போவதற்கு முந்தின வாரம் ஒகேனக்கல் போனோம். பஸ்ஸில்தான். அவர், அவர் மனைவி, நான். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த சீட்டில் மனைவியை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பென்னாகரம் தாண்டி, வளைவு வளைவாகப் பாதை இறங்கத் தொடங்கியது. பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது. நான் என்னை அறியாமல் எழுந்து போய் முன்படிப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது ஓரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தேன். சட்டைப் பையில் விசில்கூட இல்லை.

டிரைவரண்ணன் தலையை நன்றாகத் திருப்பி என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"வந்து உக்காருங்க கண்டக்டரே" என்றார். "ஓட்டற தம்பிக்குக் கண்ணு நல்லா தெரியுது."

போய் உட்கார்ந்தேன். அந்த மலைப்பாதையில் நான் உட்கார்ந்துகொண்டு இறங்கியது அன்றைக்குத்தான்.