மாடியில் தங்க வந்த பெண்

முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவரைத் தெருவில் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

கணவர் போன பிறகு மாடி வெறுமனே கிடந்தது. வெளிநாட்டிலிருந்த மகன், “பூட்டி வச்சு என்னம்மா பண்ணப்போறே? ஒரு நாள், ரெண்டு நாள் தங்குறவங்களுக்கு விடலாம். எல்லாம் நான் போன்லயே பார்த்துக்கறேன்” என்றான். செயலியில் படங்களை ஏற்றியது அவன். ஒப்பந்தத்தைப் படிக்காமல் ‘சம்மதம்’ என்று தட்டியதும் அவன்தான். வீடு அம்மாவுடையது என்பதால் பதிவு அம்மா பெயரில்.

சிஸ்டருக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. வார்டில் செய்கிற மாதிரியே படுக்கை விரிப்பை மூலை மடித்துச் செருகுவார். கிளம்புகிறவர்களிடம் சாவியை வாங்கிக்கொண்டு, “மாத்திரையெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?” என்று கேட்பார்.

குளிர்காலத்தில் தங்கிப்போன ஒருவர், குளியலறையில் குளிர்காற்று அடிக்கிறது என்று எழுதி மூன்று நட்சத்திரம் மட்டும் போட்டார். மகன் உடனே கூப்பிட்டான்.

“மேல இருக்கிற அந்த ஓட்டையை அடைச்சிடும்மா.”

அந்தக் குளியலறையில் இருந்தது கேஸ் கீசர். மாட்டியவர், “இந்தத் துவாரம் எப்பவும் திறந்தே இருக்கணும்மா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொல்லி இரண்டு வருடமாயிற்று. சிஸ்டர் ஸ்டூல் போட்டு ஏறி, பலகைத் துண்டை வைத்து நான்கு ஆணி அடித்தார்.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தாள். இருபத்துமூன்று வயது, வேலைக்கான நேர்காணலுக்கு வந்தவள். சாயங்காலம் இஸ்திரிப்பெட்டி கேட்டுக் கீழே இறங்கியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பயமா இருக்கு ஆன்ட்டி. என்னை ஏதாவது கேள்வி கேளுங்களேன்.”

சிஸ்டர் யோசித்தார். அவருக்குத் தெரிந்த நேர்காணல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். “ஊசி போடத் தெரியுமா?”

அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

காலை எட்டு மணிக்கு, நேர்காணலுக்குப் போக அவள் சொல்லிவைத்திருந்த கார் வாசலில் வந்து ஹார்ன் அடித்தது. அவள் இறங்கவில்லை. சிஸ்டர் மாடிக்குப் போய்த் தட்டினார். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கார் டிரைவர்தான் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். ஆம்புலன்ஸ் வருகிற வரை சிஸ்டர் அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். எத்தனையோ பேரைத் திரும்பக் கொண்டுவந்த கைகள். இவள் வரவில்லை.

வெளியேற வழியில்லாமல் தங்கிய கீசரின் விஷவாயுதான் அவளைக் கொன்றது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வீட்டை இப்படி நாள் வாடகைக்கு விட அனுமதியே வாங்கவில்லை. காப்பீட்டுக்காரர்கள், குடியிருக்கும் வீட்டுக்குத்தான் எங்கள் பாலிசி என்று ஒதுங்கினார்கள். செயலி நிறுவனம் ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பியது. தங்க வருகிறவர்களின் பாதுகாப்புக்கு வீட்டுக்காரரே பொறுப்பு என்று அதில் இருந்தது.

போலீஸ் சிஸ்டர் மேல் வழக்குப் போட்டது. வக்கீல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “தங்க வந்த பொண்ணே குளிருக்கு அடைச்சிருக்கலாம்னு சொல்லுங்கம்மா. யாரும் பார்க்கலையே.”

மகனும் போனில் கெஞ்சினான். “அப்படியே சொல்லிடும்மா. இந்த வயசுல ஜெயிலுக்கா போவே?”

விசாரணை நாளில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் இருந்தது ஒரே பெஞ்சு. அதன் மறுகோடியில் அந்தப் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவரே கேட்டார்.

“கடைசியா அவகூட பேசினது நீங்கதானே? எப்படி இருந்தா?”

“சிரிச்சுக்கிட்டு இருந்தா” என்றார் சிஸ்டர். ஊசிக் கேள்வியைச் சொன்னார். அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். வக்கீல் எழுந்திருப்பதற்குள் சிஸ்டர் சொல்லிவிட்டார். “நான்தான் அடைச்சேன். அடைக்கக்கூடாதுன்னு எனக்குச் சொல்லியிருந்தாங்க.” மகன் சொல்லித்தான் செய்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பத்து மாதம் சிறை. தீர்ப்பன்று அந்த அப்பா அருகில் வந்து நின்றார்.

“உங்களை மன்னிக்க மனசு வரலைம்மா. ஆனா நீங்க மாத்திச் சொல்லியிருந்தா, எம்பொண்ணு தானா தேடிக்கிட்ட சாவுன்னு எழுதியிருப்பாங்க.”

மகன் வழக்குக்கு வரவில்லை, விடுதலையன்றும் வரவில்லை. “என் பேச்சைக் கேட்டிருக்கலாம்” என்று ஒருமுறை செய்தி அனுப்பினான், அவ்வளவுதான்.

சிஸ்டர் வீடு திரும்பி மூன்றாம் நாள் தெருவில் இறங்கினார். கீசர் இருக்கிற வீடுகளில் ஏறி, “குளியலறையை ஒரு தடவை பார்க்கலாமா?” என்று கேட்டார். பலர் அவரைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். எதிர்வீட்டு மருமகள் மட்டும், “வாங்க சிஸ்டர்” என்று உள்ளே கூட்டிப்போனாள். அங்கே துவாரத்தில் செய்தித்தாளைத் திணித்து வைத்திருந்தார்கள். சிஸ்டர் கையை உயர்த்தினார், எட்டவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மருமகள் ஸ்டூலைக் கொண்டுவந்து, தானே ஏறி அந்தத் தாளை உருவி எடுத்தாள்.